ஸ எங்கே இருக்கிறது? பாட்டு கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

சாயங்காலங்களில் வீட்டில் பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை, பாடச் சொன்னால் பாடிவிட்டுப் போகிறார்கள். கேட்பதெல்லாம் கூடத்தில் காத்திருக்கும் அம்மா அப்பாக்களும், நாற்பது வயதுக்கு மேல் "இப்பவாவது கத்துக்கலாமா டீச்சர்" என்று வருபவர்களும்தான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் சொல்லித்தருவது கர்நாடக இசை. ஆனால் பாதி வீடுகளில் இருப்பது கீபோர்டு என்பதால் அதையும் தொட்டுக்கொண்டு போகிறேன்.

ஸ்ருதி என்றால் என்ன?

நீங்கள் எந்த ஒலியை உங்கள் ஸ-வாக வைத்துக்கொள்கிறீர்களோ அதுதான் உங்கள் ஸ்ருதி.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். ஸ என்றால் ஏதோ ஒரே ஒரு குறிப்பிட்ட ஒலி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மதுரை எத்தனை கிலோமீட்டர் என்று யாராவது கேட்டால், எங்கிருந்து என்று திருப்பிக் கேட்போம் இல்லையா? அந்த 'எங்கிருந்து' தான் ஸ. ரி, க, ம எல்லாம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கு. அப்பா ஒரு இடத்தில் ஸ வைத்துப் பாடுவார், மகள் அதற்கு மேலே வேறு இடத்தில் வைத்துப் பாடுவாள். இரண்டும் ஒரே பாட்டாகத்தான் கேட்கும், ஏனென்றால் தூரங்கள் மாறவில்லை.

இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 22 ஸ்ருதிகள் என்று பேசும்போது அது ஸ்வரங்களுக்கு இடையே இருக்கும் நுண்ணிய இடைவெளிகளைக் குறிக்கும். தொடக்கத்தில் அது வேண்டாம்.

'கட்டை' என்கிறார்களே, அது என்ன?

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிய கணக்கு. கீபோர்டில் 'சி' என்பது ஒரு கட்டை, 'டி' இரண்டு, 'இ' மூன்று, 'எஃப்' நான்கு, 'ஜி' ஐந்து, 'ஏ' ஆறு, 'பி' ஏழு. நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கு: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, 'இ'-க்கும் 'எஃப்'-க்கும் நடுவில் கறுப்பே இல்லை.

ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை சகஜம். "எட்டுக்கட்டைக் குரல்" என்று யாரையாவது புகழ்வதைக் கேட்டிருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் எட்டாவது கட்டை மறுபடியும் 'சி' தான், மேல் ஸ்தாயியில் (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரையான சுற்றுதான் ஸ்தாயி). அதை ஸ-வாக வைத்துக்கொண்டு யாரும் முழுக் கச்சேரி பாடப்போவதில்லை. சும்மா சத்தமாகப் பாடுகிறவர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் குழந்தைக்கு எந்தக் கட்டை?

கீழே ஒரு ப வரைக்கும், மேலே ஒரு ப வரைக்கும் தொண்டையை இறுக்காமல் போய்வர முடிகிற இடம். டீச்சரின் கட்டையிலேயே எல்லாப் பிள்ளைகளும் பாடுவது வகுப்புக்கு வசதி, குழந்தைகளின் தொண்டைக்கு வசதியல்ல. என்னையும் சின்ன வயதில் அப்படித்தான் பாடவைத்தார்கள். மேல் ஸ-வை எட்டுவதற்குள் முகம் கோணிக்கொள்ளும். பாட்டு என்றாலே கஷ்டம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஸ்வரங்கள் ஏழா, பன்னிரண்டா, பதினாறா?

மூன்றும் சரிதான். பெயர்கள் ஏழு, இடங்கள் பன்னிரண்டு, அந்த இடங்களுக்கு நாம் வைத்திருக்கும் முழுப்பெயர்கள் பதினாறு.

ஒரு ஸ-வுக்கும் அடுத்த மேல் ஸ-வுக்கும் நடுவே (மேல் ஸ-வின் அதிர்வெண் கீழ் ஸ-வைப் போல் சரியாக இரண்டு மடங்கு) பன்னிரண்டு படிகள். கீபோர்டில் வெள்ளை ஏழு, கறுப்பு ஐந்து என்று எண்ணிக்கொள்ளலாம். இதில் ஸ-வும் ப-வும் நகராது. ம-வுக்கு இரண்டு இடம்: சுத்தம், பிரதி. ரி, க, த, நி நான்குக்கும் மும்மூன்று. கூட்டினால் 1 + 1 + 2 + 12 = 16.

பன்னிரண்டு இடத்தில் பதினாறு பேர் எப்படி உட்கார்ந்தார்கள்? நான்கு இடங்களில் இரண்டு பேர். (ரி-யின் முழுப்பெயர் ரிஷபம், க-வுக்குக் காந்தாரம், ம-வுக்கு மத்யமம்.) சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே கட்டை. ஷட்ச்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே கட்டை. மேலே த, நி பக்கமும் இதே கதை. ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயரும் ஆபீசில் ஒரு பெயருமாகக் கூப்பிடுவதுபோல. ராகத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும்.

முதல் பாடம் ஏன் மாயாமாளவகௌளை? கல்யாணி மாதிரி இனிமையாக ஒன்றில் தொடங்கினால் என்ன?

தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. இந்த ராகத்தை முதல் பாடத்துக்குத் தேர்ந்தவரும் அவரே என்பார்கள். காரணத்தைக் கீபோர்டிலேயே பார்க்கலாம். ஒரு கட்டையை, அதாவது 'சி'-யை, ஸ-வாக வைத்து சி, சி ஷார்ப் (அதை ஒட்டிய கறுப்பு, ஒன்றரைக் கட்டை), இ, எஃப் என்று அழுத்துங்கள்: பக்கத்துப் படி, பெரிய தாவல், பக்கத்துப் படி. இப்போது ஜி, ஜி ஷார்ப், பி, மேல் சி. அதே நடைதான். கீழ்ப்பாதியில் ஸ-ரி-க-ம போன தூரத்தை மேல்பாதியில் ப-த-நி-ஸ அப்படியே திரும்பப் போகிறது. ஒரு பாதி பிடிபட்டால் மறுபாதி தானாக வரும். தவிர, ஸ-வுக்கு ஒட்டி நிற்கும் ரி-யைச் சரியாகத் தொட்டுவிட்டால் மற்ற ரி-கள் பயம் காட்டாது.

தம்புரா எதற்கு? போனில் ஸ்ருதி ஆப் போதாதா?

வீட்டில் பாட ஆப் தாராளமாகப் போதும். நானும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் ஒரு தடவையாவது நிஜத் தம்புரா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நான்கு கம்பிகள்: ப, ஸ, ஸ, கடைசியில் கீழ் ஸ்தாயி ஸ. கம்பிகளைத் தாங்கி நிற்கும் துண்டுக்குக் குதிரை என்று பெயர். அந்தக் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சின்ன நூலைச் செருகி இப்படியும் அப்படியும் நகர்த்துவார்கள். அதற்கு ஜீவா என்று பெயர், பெயர் வைத்தவருக்கு ரசனை உண்டு. நூல் சரியான இடத்துக்கு வந்ததும் அதுவரை மொட்டையாக ஒலித்த கம்பி ரீங்காரம் போடத் தொடங்கும். அந்த ரீங்காரத்துக்குள் கூர்ந்து கேட்டால், யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் கேட்கும்: அந்தர காந்தாரம், மூன்று க-க்களில் மேலே இருப்பது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கம்பி முழு நீளத்துக்கும் அதிரும்போதே இரண்டாக, மூன்றாக, நான்காக, ஐந்தாகப் பிரிந்தும் அதிர்கிறது. மூன்றாகப் பிரிந்த அதிர்வு ப-வைத் தரும், ஐந்தாகப் பிரிந்தது அந்தர காந்தாரத்தைத் தரும். வீணையிலும் புல்லாங்குழலிலும் ஒரே ஸ-வை வாசித்தாலும் எது எது என்று நமக்குத் தெரிவதற்கும் இதுதான் முக்கியக் காரணம். இந்த உள் அதிர்வுகளின் கலவை ஒவ்வொரு வாத்தியத்திலும் வேறு.

தம்புராவில் கேட்கும் காந்தாரமும் கீபோர்டில் இருப்பதும் ஒன்றா?

கிட்டத்தட்ட. ஆனால் ஒன்றல்ல. நடு 'சி'-யை 261.6 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், தம்புரா தரும் காந்தாரத்தின் விகிதம் 5:4, அதாவது 327 ஹெர்ட்ஸ். கீபோர்டின் 'இ' 329.6. கீபோர்டு பன்னிரண்டு படிகளையும் சமமாக வெட்டிவைக்கிறது, எந்தக் கட்டையை ஸ-வாக வைத்தாலும் ஓரளவு சரியாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்த சமரசம். இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால் லேசாக அலை அடிக்கும். ப-வில் இந்த வித்தியாசம் மிகமிகக் குறைவு. அதனால்தான் பாடிப் பழகும்போது கீபோர்டைக் கூடவே அழுத்திக்கொண்டு பாடாதீர்கள் என்கிறேன். ஸ, ப மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் காதால் தேடுங்கள்.

தாளத்துக்கும் லயத்துக்கும் என்ன வித்தியாசம்?

லயம் ஓட்டம், தாளம் அந்த ஓட்டத்தை எண்ணிக் கட்டும் வட்டம். நடக்கும்போது கால்கள் ஒரே சீராக விழுகின்றனவே, அது லயம். எட்டு அடிக்கு ஒருமுறை மறுபடி ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் அது தாளம்.

ஆதி தாளத்தைக் கையில் போடுங்கள். தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல். இந்த நான்கும் ஒரு லகு. அப்புறம் தட்டு-வீச்சு, மறுபடி தட்டு-வீச்சு. இவை இரண்டு த்ருதம். ஆக மொத்தம் 4 + 2 + 2 = 8. சரளி வரிசை முதல் காலத்தில் (காலம் என்றால் இங்கே வேகம்) ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு.

கவனியுங்கள், வேகமாவது ஸ்வரங்கள்தான், கை அல்ல. புதிதாக வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இரண்டாம் காலம் என்றதும் கையையும் சேர்த்து ஓட்டுவார்கள். பாங்கில் வேலை பார்க்கும் ஒருவர் வகுப்புக்கு வருகிறார், கணக்கில் புலி. அவருக்கே இது சரியாக மூன்று வாரம் தகராறு செய்தது. கடைசியில் அவர் மனைவி தாளம் போட, அவர் பாடினார். அன்றைக்குச் சரியாயிற்று. வேறொருவர் கை என்றால் அதை இழுத்துக்கொண்டு ஓட முடியாதே.

35 தாளத்தையும் கற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். ஏழு தாளம், லகுவுக்கு ஐந்து ஜாதி (அதாவது ஒரு லகுவில் 3, 4, 5, 7 அல்லது 9 எண்ணிக்கை), பெருக்கினால் 35. ஒவ்வொரு எண்ணிக்கையையும் எத்தனையாகப் பிரிக்கிறோம் என்ற நடை பேதம் ஐந்தையும் சேர்த்தால் 175. பரீட்சைத் தாளில் அழகாக இருக்கும். கச்சேரியில் நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு. ஆனாலும் ஏழு தாளங்களில் அமைந்த அலங்காரம் என்ற ஸ்வரப் பயிற்சிகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள், கை திருந்துவது அங்கேதான்.

மிஸ்ர சாபு ஏழுக்கு பயப்படுபவர்கள் "தகிட தகதிமி, தகிட தகதிமி" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறிப் பாருங்கள். இரண்டு மாடி ஏறுவதற்குள் வந்துவிடும்.

ராகம் என்பது மேற்கத்திய ஸ்கேல் தானே?

ஸ்கேல் ராகத்தின் எலும்பு. எலும்பை வைத்து ஆளை அடையாளம் சொல்ல முடியுமா?

ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோகணம் (ஏறும் வரிசை) ஸ ரி ம ப த ஸ, அவரோகணம் (இறங்கும் வரிசை) ஸ நி த ப ம க ரி ஸ. இரண்டுக்கும் அதே ஸ்வரங்கள், அதே வரிசை. தாளில் எழுதினால் ஒரே ராகம். ஆனால் ஆரபி விறுவிறுவென்று நிமிர்ந்து நடக்கும். தேவகாந்தாரி நின்று, இழைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தடவிக்கொண்டு போகும். எங்கே நிற்கவேண்டும், எதை நீட்டவேண்டும், எந்தச் சொற்றொடர் இதற்கே உரியது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் ராகம்.

ஸ்வரத்தை அசைத்து, இழைத்துப் பாடும் கமகம் என்பதும் இங்கேதான் வருகிறது. தோடியின் காந்தாரம் ஒரு கட்டையில் நிற்கும் ஒலி அல்ல, ஓர் அசைவு. கீபோர்டில் தோடியின் ஏழு ஸ்வரங்களையும் தப்பில்லாமல் அழுத்துங்கள், தோடி வராது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று: கமகம் பேசாது, சம இடைவெளி ஸ்வரங்கள் நம் இசைக்கு ஒட்டாது. முப்பது வருடத் தடை கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேடையில் அது பாடகருக்கு எவ்வளவு துணை என்று நாடகக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்படியானால் 72 மேளகர்த்தா எதற்கு?

அலமாரி. ஏழு ஸ்வரங்களும் முழுதாக வரும் தாய் ராகங்களுக்கு மேளகர்த்தா என்று பெயர், மற்ற ராகங்களை அவற்றின் கீழ் அடுக்குவார்கள். கீழே ரி-யும் க-வும் சேரக்கூடிய வழிகள் 6, மேலே த-வும் நி-யும் சேரக்கூடிய வழிகள் 6. ஆறாறு 36. சுத்த மத்யமத்தோடு 36, பிரதி மத்யமத்தோடு 36, ஆக 72. இந்தக் கணக்கை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்தார். கனகாங்கி, ரத்னாங்கி என்று இன்று நாம் ஒப்பிக்கும் பெயர்ப் பட்டியல் பின்னால் வந்தது.

பட்டியலில் எத்தனையாவது ராகம் என்ற எண்ணைப் பெயரிலேயே ஒளித்துவைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்க்கவேண்டும். ஹரிகாம்போஜியில் ஹ எட்டு, ரி இரண்டு, திருப்பிப் படித்தால் 28. மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று, திருப்பினால் 15. சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர' ஒட்டியதும் கல்யாணிக்கு முன்னால் 'மேச' ஒட்டியதும் இந்தக் கணக்குக்காகத்தான், 29-ஆம் 65-ஆம் வரவேண்டுமே. வடமொழி எழுத்துக்களை வைத்துச் செய்த கடபயாதி கணக்கு இது. நம் எழுத்தில் நாலு க-வுக்கும் ஒரே க என்பதால் தமிழில் மட்டும் பார்த்துப் போட்டால் சில இடங்களில் உதைக்கும்.

கீபோர்டை வைத்து விளையாட்டாக ஏதாவது காட்ட முடியுமா?

முடியும், இது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வெள்ளைக் கட்டைகளை மட்டும் 'சி' முதல் 'சி' வரை வாசித்தால் சங்கராபரணம். அதே வெள்ளைகளை 'டி'-யில் தொடங்கி 'டி'-யில் முடித்தால் கரஹரப்ரியா. 'இ'-யில் தோடி, 'எஃப்'-பில் கல்யாணி, 'ஜி'-யில் ஹரிகாம்போஜி, 'ஏ'-யில் நடபைரவி. 'பி'-யில் மட்டும் ஒன்றும் அமையாது, அங்கே ஸ வைத்தால் ப-வுக்கு வெள்ளைக் கட்டை இல்லை. (தோடி வராது என்று மேலே சொன்னேனே என்று கேட்காதீர்கள். இங்கே வருவது எலும்புகள்தான்.)

கறுப்பில் இன்னும் அழகு. எஃப் ஷார்ப்பில், அதாவது நாலரைக் கட்டையில் தொடங்கினால் மோகனம். ஐந்தரையில் மத்யமாவதி, ஆறரையில் ஹிந்தோளம், ஒன்றரையில் சுத்த சாவேரி, இரண்டரையில் சுத்த தன்யாசி. ஒரு கட்டைகூட மாறவில்லை, ஸ மட்டும் இடம் மாறியது. இதற்கு கிரக பேதம் என்று பெயர். வாசிக்கும்போது ஸ-வை ஸ்ருதி ஆப்பில் ஒலிக்கவிடுங்கள், இல்லாவிட்டால் காது பழைய ஸ-வையே பிடித்துக்கொண்டிருக்கும்.

மேஜர், மைனர், கார்ட்: இவை நம் கணக்கில் என்ன?

மேஜர் ஸ்கேல் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். நேச்சுரல் மைனர், நடபைரவி. ஸ-வோடு அந்தர காந்தாரமும் ப-வும் ஒரே நேரத்தில் ஒலித்தால் மேஜர் கார்ட், காந்தாரத்தை ஒரு படி இறக்கிச் சாதாரண காந்தாரம் ஆக்கினால் மைனர் கார்ட். அந்த ஒரு விரல் நகர்ந்ததும் முகம் வாடுவது எல்லோருக்கும் கேட்கும்.

பெரிய வித்தியாசம், அவர்கள் ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களை அடுக்குகிறார்கள், நாம் ஒரே இழையை நெய்கிறோம். எது உயர்ந்தது என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

தமிழில் இந்த ஸ்வரங்களுக்குப் பெயர் இல்லையா?

உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சிலப்பதிகாரத்திலேயே இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். எந்தப் பெயர் இன்றைய எந்த ஸ்வரம் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே வழக்கு உண்டு. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் இதற்காகவே பெரிய கணக்குகளைப் போட்டது. ஸ்ருதிகள் 22 அல்ல, 24 என்று வாதாடினார் அவர்.

ஆராய்ச்சி வேண்டாம், கேட்டால் போதும் என்றால் சிவன் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடும் நேரத்துக்குப் போங்கள். தேவாரத்தின் பழைய ராகங்களுக்குப் பண் என்று பெயர். இன்றைய வழக்கில் தக்கேசிப் பண்ணைக் காம்போதியிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியிலும் பாடுகிறார்கள்.

நோட்டில் ஸ்வரங்களுக்கு நடுவே கமா, அரைப்புள்ளி எல்லாம் எதற்கு?

நீட்டத்துக்கு. கமா ஒரு எண்ணிக்கை, அரைப்புள்ளி இரண்டு. ஸ்வரத்தின் தலையில் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, காலடியில் இருந்தால் கீழ் ஸ்தாயி. மேலே ஒரு கோடு போட்டால் வேகம் இரட்டிப்பு. கமகத்தை இந்த எழுத்து காட்டாது, அதை டீச்சர் வாயிலிருந்துதான் பிடிக்கவேண்டும்.

எனக்குக் காதே இல்லை, ஸ்ருதி சேராது என்கிறார்களே?

தெருவில் போகும் ஐஸ் வண்டி மணியைக் கேட்டு அது ஐஸ் வண்டி என்று தெரிகிறதா? அப்படியானால் காது இருக்கிறது. பழக்கம்தான் இல்லை. கிரைண்டர் ஓடும்போது அதன் முனகலோடு வாயை மூடிக்கொண்டு முனகிப் பாருங்கள். கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி. சேராதவரை காதுக்குள் 'வ்வ்வ்' என்று அலை அடித்துக்கொண்டே இருக்கும், சேர்ந்ததும் அலை நின்று உங்கள் குரல் காணாமல் போய்விட்டது போல இருக்கும். அதுதான் ஸ்ருதி சேர்வது.

தினமும் எவ்வளவு நேரம் பாடவேண்டும்?

இருபது நிமிடம், ஆனால் தினமும். முதல் ஐந்து நிமிடம் வெறும் ஸ. பிறகு ஸ ப ஸ. அதற்கப்புறம்தான் வரிசைகள், அதுவும் முதல் காலத்தில் சுத்தமாக வந்த பிறகே இரண்டாம் காலம். காலையில் குரல் கனமாக இருக்கும்போது கீழ் ஸ்தாயியில் பாடிப் பழகுவது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் மாதம் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மூன்றாவது மாதம் ஒருநாள் நீங்கள் பாடாவிட்டால், ஊருக்குப் போயிருந்தீர்களா என்று கேட்பார்கள்.